காதைத் தீட்டாத தம்பி, வீட்டை அடக்கு

வா தம்பி. ஹுன்னஸ்கிரிய ஜங்சன்ல பஸ்ஸ விட்டு எறங்கினதும் அண்ணாந்து மலையப் பாத்த பாரு, அப்பவே ஒன் திட்டம் புரிஞ்சுபோச்சு. மேல எஃப்எம் கோபுரம் நிக்குது, நாமளும் உச்சிக்கு ஏறிட்டா சிக்னல் வந்து கொட்டும்னு கணக்குப் போட்டுட்ட. தாராளமாப் போ. மழ விட்டு காட்டுல அட்டையெல்லாம் பசியோட கெடக்கு, ரொம்ப சந்தோசப்படும்.

எஃப்எம்காரன் ஏறுறான்னா அவனுக்குக் காரணம் இருக்கு. அவன் அலை மூணு மீட்டர் நீளம். கண்ணுக்குத் தெரியிற தூரந்தான் போகும், அதனால ஒசரம் வேணும். நீ தேடி வந்திருக்கிறது விஎல்எஃப்ங்கிற அடிமட்ட அலைவரிசையில 8.27 கிலோஹெர்ட்ஸ். அதோட அலை 36 கிலோமீட்டர். மீட்டர் இல்ல, கிலோமீட்டர். இங்கேருந்து கண்டி டவுனு வரைக்கும் நேர்கோடு போட்டாலும் ஒரு அலை முடியாது. கீழ பூமி, மேல 70, 90 கிலோமீட்டர்ல அயனி மண்டலம், ரெண்டுக்கும் நடுவுல புகுந்து உலகத்தைச் சுத்துற ஆளு அது. நக்கிள்ஸ் மலை மொத்தமும் அது கண்ணுலயே படாது. நீ உச்சிக்கு ஏறினா தாகந்தான் எடுக்கும்.

சரி, 8.27-ல அப்பிடி யாரு கூப்பிடுறா? ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் கொஞ்சம் அமெச்சூர் ரேடியோக்காரங்க. ஒலக அலைவரிசை அட்டவணையில 8.3 கிலோஹெர்ட்சுக்குக் கீழ யாருக்கும் பட்டா கெடையாது. 2012 ஒலக ரேடியோ மாநாட்டுல 8.3 முதல் 11.3 வரைக்கும் இடி மின்னல் கவனிக்கிற நெலையங்களுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்கு முந்தி 9-க்கு ஒட்டுன எடத்துல கூத்தடிச்சவங்க அதுக்கப்பறம் கீழ எறங்கி வந்தாங்க. சரியான ஏரியல் கட்டணும்னா கால் அலைக்கே 9 கிலோமீட்டர் கம்பி வேணும். எவங்கிட்ட இருக்கு? தோட்டத்துல நட்ட கம்பத்துலயும் பட்டத்துல கட்டுன கம்பியிலயும் அனுப்புறாங்க. சில நூறு வாட்ட உள்ள ஊத்தினாலும் வெளிய போறது மில்லிவாட்டுக்கும் கீழ. மிச்சமெல்லாம் ஏரியல் சுருளையும் மண்ணையும் சூடாக்குறதோட சரி. அந்த மிச்ச சொச்சத்தத்தான் நீ ஹுன்னஸ்கிரியவுல குந்திக்கிட்டுப் புடிக்கப்போற. ஆசைக்கு யாரு வரி கேட்டா?

அந்த லேப்டாப்ப இப்பிடித் திருப்பு. ம்ம், நெனச்சேன். மைக் பூஸ்ட்ட முழுசா ஏத்தி வச்சிருக்க. சிக்னல் சின்னது, அதனால பெருசாக்கணும்னு. அறிவாளி. சிக்னலப் பெருசாக்கினா சத்தமும் சேந்துதான் பெருசாகும், கூடவே ஒரு இடி விழுந்தா உள்ளீடு முட்டிக்கிட்டு நின்னுரும். பூஸ்ட்டச் சுத்தமா எறக்கு. அப்பறம் அந்த விண்டோஸ்ல 'சத்தம் நீக்கு', 'குரல் மேம்படுத்து'ன்னு புண்ணியவான்க நாலு வசதி குடுத்திருப்பாங்க. மீட்டிங்ல பேசுறவங்களுக்காக செஞ்சது. ஒன் சிக்னலக் கண்டா அதுவும் ஒரு இரைச்சல்தான்னு முடிவு பண்ணி, சத்தமில்லாம தொடச்சுப் போட்டுரும். அதுகிட்ட கேட்டா நல்ல காரியம் செஞ்சேன்னுதான் சொல்லும். எல்லாத்தயும் நிப்பாட்டு. தானா ஏத்தி எறக்குற கெயின் இருந்தா அதையும் நிப்பாட்டு. ராத்திரி 2 மணிக்கு அப்டேட்டுன்னு தானா செத்துப் பொழைக்கிற பழக்கத்தையும், தூங்கிப்போற பழக்கத்தையும் சேத்து நிப்பாட்டு. காதுக்கான தொளையில வர்ற மைக் ஓட்டையும் நம்பாத, அதுல மைக்குக்காக ஒரு வோல்டேஜ் எப்பவும் நிக்கும். லைன் உள்ளீடு உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒண்ணு வாங்கு. ரெண்டு சேனல் உள்ளதாப் பாரு, காரணத்தப் பொறகு சொல்றேன்.

மாதிரி வேகம் 48,000-ல வை. அதுல பாதி, 24 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஒனக்குத் தெரியும். 44,100 போதும்னு சோம்பேறித்தனம் பண்ணினா 22.05-ல கதவு சாத்திக்கும். ஜப்பான்ல எபினோன்னு ஒரு எடத்துலேருந்து 22.2-ல கடற்படை பேசுது. அது கதவுல முட்டித் திரும்பி 21.9-ல எட்டிப் பாக்கும். நீயும் புது ஸ்டேஷன் கண்டுபுடிச்சேன்னு தெல்தெனிய வரைக்கும் தேத்தண்ணி வாங்கிக் குடுப்ப.

இப்பதான் விசயத்துக்கு வர்றோம். ஸ்பெக்ட்ரம் லேப்புன்னு ஒரு ஜெர்மன் அமெச்சூர்காரர் எழுதி இலவசமா விட்ட மென்பொருள் இருக்கு, நீயும் அதத்தான் போட்டிருக்க. லினக்ஸ்காரங்க விஎல்எஃப்ஆர்எக்ஸ் டூல்ஸ்னு ஒண்ணு வச்சிருக்காங்க. எதுவா இருந்தாலும் சூட்சுமம் எஃப்எஃப்டி அளவுல, அதாவது அலைவரிசையக் கட்டங் கட்டமாப் பிரிக்கிற கணக்குல இருக்கு. நீ 4,096-ல வச்சிருக்க, ஒவ்வொரு கட்டமும் கிட்டத்தட்ட 12 ஹெர்ட்ஸ் அகலம். நம்ம ஸ்டோர்ல தேயிலை சலிக்கிறதப் பாத்திருப்பியே, கண்ணு பெருசா இருந்தா தூளும் காம்பும் ஒண்ணாத்தான் எறங்கும். கண்ணு சின்னதானா தரம் பிரியும், ஆனா நேரம் எடுக்கும். 10,48,576-ன்னு வச்சுப் பாரு. கட்டம் 0.046 ஹெர்ட்ஸ் ஆயிரும், ஒரு கோடு வரைய 22 செகண்டு ஆகும். அகலத்தப் பத்துல ஒண்ணாக் கொறைச்சா அந்தக் கட்டத்துல விழுற இரைச்சல் 10 டெசிபல் கொறையும், சிக்னல் அப்பிடியே நிக்கும். பூஸ்ட்டுல கெடைக்காதது பொறுமையில கெடைக்கும்னு இதுக்குத்தான் அர்த்தம். நீ என்னடான்னா 22 செகண்டு ஆகுறதுக்குள்ள மூணு தடவ ஸ்டாப் அமுக்கிட்ட.

எப்நாட்டுன்னு ஒரு முறை இருக்கு, நாலஞ்சு எழுத்த அனுப்ப ஒரு மணி நேரமும் எடுத்துக்குவாங்க. அத்தனை நேரமும் அனுப்புறவனும் வாங்குறவனும் ஒரே தாளத்துல நிக்கணும். ஒரு மணி நேரம் அலை பெசகாம இருக்கணும்னா, ஒன் கடிகாரத்தோட பெசகு பத்துக் கோடியில ஒண்ணுக்கு மேல போகக்கூடாது. ஒன் சவுண்ட் கார்டோட படிகம் சாதாரணமா பத்து லச்சத்துல அம்பது பெசகும், அதாவது பத்துக் கோடிக்கு அய்யாயிரம். 8.27-ல அதுவே 0.4 ஹெர்ட்ஸ். 0.046 கட்டத்துல தேடுற ஆளு ஒம்பது கட்டம் தள்ளி உக்காந்து தேடுவே, சிக்னல் வரலன்னு என்னையும் திட்டுவே. அதுக்குத்தான் ரெண்டு சேனல். ஜிபிஎஸ் கருவி செகண்டுக்கு ஒரு துடிப்பு குடுக்கும், அத ரெண்டாவது சேனல்ல விட்டா மென்பொருளே வேகத்தச் சரிக்கட்டிக்கும்.

கடிகாரத்த ஒலகப் பொது நேரமான யூடிசியில வை. நம்ம நேரத்துல 5:30 கழிக்கணும். நம்ம நாட்டுக்கு நேரம்னா ஒரு வெளையாட்டு: 1996 மே மாசம் கடிகாரத்த 6:30-க்குத் தள்ளினாங்க, அக்டோபர்ல 6-க்கு இழுத்தாங்க, 2006 ஏப்ரல்ல மறுபடி 5:30-க்கே கொண்டாந்து வச்சாங்க. மொதல்ல தள்ளினது கரண்ட மிச்சம் புடிக்கவாம். அந்தப் பத்து வருசம் இந்த வேலை பாத்தவன் ஆரம்ப நேரத்த தப்பாப் போட்டிருந்தா அது அவன் குத்தமில்ல. ஒனக்கு அந்தச் சாக்கு கெடையாது.

கரண்டுன்னதும் ஞாபகம் வருது. ஒனக்கு மெய்யான எதிரி மின்னலும் இல்ல, மலையும் இல்ல. அந்தா கீழ பாரு, விக்டோரியா அணை. 1985-ல தொறந்தது, 210 மெகாவாட். பழைய தெல்தெனியவ முழுங்கிட்டு நிக்குது. நாட்டுக்கே வெளிச்சம், ஒனக்கு மட்டும் வெனை. கரண்ட் 50 ஹெர்ட்சுல ஓடுது, ஆனா அதோட பிள்ளைகுட்டிங்க 100, 150, 200-ன்னு ஒவ்வொரு 50-க்கும் ஒண்ணா ஆயிரக்கணக்கு வரைக்கும் ஏறிக்கிட்டே போகும். 165-ஆவது பிள்ளை 8,250, 166-ஆவது 8,300. நீ தேடுற 8,270 நடுவுலதான் இருக்கு, தப்பிச்சோம்னு நெனைக்காத. கிரிட் எப்பவும் 50-லயே நிக்காது. 50.12-க்கு ஏறினா 165-ஆவது நேரா ஒன் தலையில வந்து குந்தும். 49.82-க்கு எறங்கினா 166-ஆவது வந்து குந்தும். சாயங்காலம் எல்லா வீட்டுலயும் லைட்டப் போட்டு அரிசி வச்சா, ஒன் திரையில அந்தக் கோடெல்லாம் வளஞ்சு நெளிஞ்சு ஊரோட சோத்துக் கதையச் சொல்லும்.

அதனால எல்இடி பல்பு, போன் சார்ஜர், டிவி பெட்டி, ஒன் லேப்டாப்போட அடாப்டர், எல்லாத்தயும் கழட்டு. பேட்டரியில ஓட்டு. லயத்த விட்டு, கரண்ட் கம்பிய விட்டுத் தள்ளி வெட்டவெளிக்குப் போ. கொப்பு மூடுன மரத்தடியில நட்டுவச்ச கம்பிக்கு மின்புலம் வராது, மரம் மறைச்சிரும். வளையம் கட்டினா மெதுவாத் திருப்பி, இரைச்சல் அடங்குற எடத்துல நிறுத்து. இந்த நாட்டுல இந்த வேலைக்கு ரொம்ப நல்ல நாளு எது தெரியுமா? 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டுன காலம். அதுக்கடுத்து 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நெலையத்துல ஒரு கொரங்கு பூந்து நாடே இருட்டாச்சுன்னு மந்திரியே சொன்ன நாளு. எல்லாரும் அந்தக் கொரங்கத் திட்டினாங்க. விஎல்எஃப் கேக்குறவன் மட்டும் அதுக்கு ஒரு சீப்பு வாழப்பழம் கடன்பட்டிருக்கான்.

மின்னலுக்கு மென்பொருள்லயே மருந்து இருக்கு. இரைச்சல் வெட்டின்னு ஒண்ணு, வீச்சு எல்ல தாண்டுற துண்ட வெட்டிப் போட்டுரும். எஃப்எஃப்டிக்குப் போறதுக்கு முந்தியே அத வை, பொறகு வச்சா ஒரு பிரயோசனமும் இல்ல. எல்லையப் பாத்து வை, ரொம்ப எறக்கினா சிக்னலையும் சேத்து வெட்டும். மார்ச் ஏப்ரல்லயும் அக்டோபர் நவம்பர்லயும் இங்க பின்னேரமானா இடி கச்சேரி. காலையில, இடி எந்திரிக்காத நேரத்துல வா. அந்த விசில் சத்தம் கேக்கும்னு எவனோ சொன்னான்னியே, அது பூமியோட காந்தக் கோட்டப் புடிச்சு ஒரு அரைக்கோளத்துலேருந்து மறுபக்கம் ஏறி எறங்குற மின்னல் ஒலி. நாம காந்த நடுக்கோட்டு ஓரத்துல இருக்கோம், இங்க கோடு ஒசரமே ஏறாது. அது வரலன்னு ஒப்பாரி வைக்காத.

இன்னொரு ரகசியம். 8.27-க்கு ஆசைப்படுறதுக்கு முந்தி கட்டபொம்மனக் கேளு. சிரிக்காத. திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்துல இந்தியக் கடற்படையோட ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கு, 1990 அக்டோபர்ல தொறந்தது. கடலுக்கடியில போற நீர்மூழ்கிக்குச் சேதி சொல்றது. விடிஎக்ஸ்ங்கிற பேருல 18.2 கிலோஹெர்ட்ஸ்ல பேரெடுத்த கோபுரம். நம்ம எடத்துலேருந்து முன்னூத்தம்பது கிலோமீட்டரும் சொச்சமும்தான். யோசிச்சுப் பாரு, 1799-ல கயத்தாத்துல கம்பனிக்காரன் கட்டபொம்மனத் தூக்குல போட்டான். 1815-ல இந்தா, இந்த மலைக்கு அடுத்தாப்ல மெதமஹநுவரப் பக்கந்தான் வெள்ளைக்கார அரசாங்கம் கண்டி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனப் புடிச்சு, வேலூருக்கு நாடு கடத்துச்சு. ரெண்டு பேருமே நாயக்கர் வழி. இன்னிக்கி ராசா புடிபட்ட எடத்துக்குப் பக்கத்து மலையில ஒருத்தன் ஏரியல் நட்டா, மொதல்ல வந்து நிக்கிறது கட்டபொம்மன் பேரு.

அதுக்கடுத்து 19.8-ல ஆஸ்திரேலியாவோட வடமேற்கு முனை, 10 லச்சம் வாட்டு. அதுகூட தெரியலன்னா கோளாறு ஆகாசத்துல இல்ல, ஒன் பிளக்குல. கொஞ்சம் தேறிட்டேன்னா டிசம்பர் 24-ஆம் தேதிக்குக் காத்திரு. சுவீடன்ல கிரிமெடான்னு ஒரு பழைய நெலையம், 1920-கள்ல கட்டுன சொழலுற எந்திரம் ஒண்ணு வால்வு, டிரான்சிஸ்டர் எதுவுமில்லாம 17.2-ல மோர்ஸ் அனுப்பும். வழக்கமா யூடிசி 8 மணி, நமக்குப் பகல் ஒண்ணரை. கிட்டத்தட்ட 8,000 கிலோமீட்டர். நத்தார் கேக்கு வெட்டுறதுக்கு முந்தி அதப் புடிச்சாத்தான் நீ ஆளு.

நீயும் பதில் அனுப்பணும்னு நாளைக்கி கெளம்புவ, தெரியும். அதுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அமெச்சூர் உரிமம் குடுக்குது, பரீட்ச எழுதி வாங்கிட்டு வா. கேக்குறதுக்கே பொறுமை இல்லாதவன் பேசி யாருக்கு லாபம்னு அவங்க கேக்க மாட்டாங்க, நான் கேப்பேன்.

இப்பத்திக்கி ஒரே வேலை. அந்த அடாப்டரப் புடுங்கு, பூஸ்ட்ட எறக்கு, 18.2-ல பட்டை தெரியுதான்னு பாரு. அது ஒரு வாரம் தொடர்ந்து நின்னா 8.27 பத்திப் பேசலாம். அதுவரைக்கும் உச்சிக்குப் போற வழிய எங்கிட்ட கேக்காத.