வயித்தால போறதுக்கெல்லாம் சாத்தானை இழுக்காதே!

ஏலே பேராண்டி, தான்சானியாவுல இருந்து நீ அனுப்பின ஜெபக் கடிதத்தைப் போன ஞாயித்துக்கிழமை ஐயர் ஆராதனையில வாசிச்சார். உங்க ஆச்சி முந்தானையில மூக்கைச் சிந்தினா. பொம்பளையாள் பக்கம் பூரா உச்சுக் கொட்டிச்சு. நான் மட்டும் பாட்டுப் புஸ்தகத்தை மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ஏன்னா, அதே சங்கதியை நீ போன்ல உங்க அம்மைகிட்ட எப்படிச் சொன்னேன்னு எனக்குத் தெரியும்லா. அவ என் மகதானே!

'சத்துருவின் கடும் போராட்டத்தால் படுக்கையில் விழுந்தேன்'னு கடிதத்துல எழுதியிருக்க. போன்ல என்ன சொன்ன? காய்ச்சாத தண்ணியைக் குடிச்சேன், வயித்தால போகுதுன்ன. இதுக்குச் சாத்தான் என்னலே செய்வான்? அவனுக்கு உலகத்துல எத்தனையோ சோலி கிடக்கு, உன் கக்கூஸ் வாசல்ல வந்து காவல் நிப்பானா? தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடி. போராட்டம் தன்னால ஓயும்.

'கடுங்குளிரைச் சிலுவையாகச் சுமக்கிறேன்'. ஆப்பிரிக்கான்னா அனல்தான்னு நீயா முடிவு கட்டி, பெட்டி நிறைய மெல்லிசுச் சட்டையா அடுக்கிட்டுப் போன. நீ இருக்கிற இரிங்கா ஊரு கடல் மட்டத்துல இருந்து 1500 மீட்டருக்கு மேல இருக்கு. ஜூன், ஜூலையில கம்பளி இல்லாம முடியுமா? இதுக்குத் தரிசனமெல்லாம் வேண்டாம்லே, பூகோளப் புஸ்தகத்தைப் புரட்டியிருந்தாப் போதும்.

'உணவு இறங்கவில்லை'. மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணியில கிண்டின உகாலி உனக்கு இறங்கலையாக்கும்! உன் பூட்டன் கேப்பைக்களியை உருட்டி, நெத்திலிக் கருவாட்டைக் கடிச்சுக்கிட்டே முழுங்கிட்டுப் பனை ஏறின ஆளு. அங்கயும் உகாலிக்கு டகான்னு பொடிமீன் கருவாடுதான் வைக்காங்களாமே. சால்னா கேக்குற நாக்கைத் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுலயே கழட்டி வச்சுட்டுப் போயிருக்கணும்.

இனிமேத்தான் பெரிய சங்கதி. 'நாலு மணிக்கு வாலிபர் கூட்டம் வைத்தேன், ஒருவரும் வரவில்லை, இருதயங்கள் கடினப்பட்டிருக்கின்றன'. அவங்களுக்கு மணிக்கணக்கு பொழுது விடியும்போதுதான் தொடங்குது. நம்ம காலை ஏழு மணி அவங்களுக்கு ஒரு மணி. நீ சுவாஹிலியில நாலு மணின்னு சொன்னா, அது நமக்குக் காலை பத்து. பாவம், அந்தப் பிள்ளைங்க பத்து மணிக்கே வந்து, பூட்டின கதவைப் பாத்துக்கிட்டு உச்சி வெயில் வரைக்கும் உக்காந்துட்டுப் போயிருக்கு. பூமத்திய ரேகைக்குக் கிட்டத்துல வருஷம் முச்சூடும் ஏறக்குறைய ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துரும், அவங்க கணக்குல குத்தம் ஒண்ணும் இல்லை. போன்ல இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சியாமே! கடிதத்துல மட்டும் பழி அவங்க இருதயத்து மேல விழுந்தது எப்படிலே?

அங்க லுத்தரன் கோயில்ல ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல ஏலம் உண்டு. துட்டு இல்லாதவங்க முட்டை, கோழி, கரும்புன்னு காணிக்கை வைப்பாங்க, அதை ஏலம் போட்டுப் பணமாக்குவாங்க. நம்ம அறுப்பின் பண்டிகை ஏலத்துல முருங்கைக்காய்க் கட்டுக்கு நான் போட்டி போட்டதைப் பாத்து வளந்தவன்தானே நீ? அங்க ஈ ஓட்டக் கையைத் தூக்கி, ஒரு வெடக்கோழியைச் சந்தை விலைக்கு மேல வாங்கிட்டு முழிச்சிருக்க. சனம் கை தட்டிச் சிரிச்சிருக்கு. கடிதத்துல அதைக் காணோம். அந்தச் சனத்துக்கு உன்னைப் பிடிச்சுப்போன மொத நாளு அதுதான். உன் ஊழியத்துக்கு அன்னைக்குத்தான் அஸ்திவாரம் போட்டிருக்கு.

'இன்னும் கனி காணவில்லை'ன்னு அலுத்துக்கிட்டிருக்க. நம்ம கால்டுவெல் ஐயர் 1838-ல சென்னையில வந்து இறங்கினப்ப அவருக்கு 23 வயசு. மூணு வருஷத்துக்கு மேல அங்க இருந்து தமிழ் படிச்சார். 1841-ல கால்நடையா நம்ம திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். இடையன்குடி கோயிலுக்கு 1847-ல அஸ்திவாரம் போட்டு, 1880-லதான் பிரதிஷ்டை பண்ண முடிஞ்சது. நீ அங்க போயி ஒரு மழைக்காலம்கூட முழுசாக் காணல, அதுக்குள்ள கூடையைத் தூக்கிட்டு நிக்க. அங்க உள்ளவங்களோ நூறு வருஷத்துக்கு முன்னாடியே பைபிளைக் கையில எடுத்தவங்க. உனக்கு முன்னால கர்த்தர் அங்க போய்ச் சேந்துட்டார்லே.

அந்தக் கால்டுவெல் ஐயர்கிட்டயே இன்னொரு பாடமும் இருக்கு. அவர் 1849-ல நம்ம சாதிசனங்களைப் பத்தி ஒரு புஸ்தகம் போட்டார். நம்மளைத் தாழ்த்தி எழுதினது நம்ம ஆளுங்க காதுக்கு வந்ததும் கொதிச்சுப் போனாங்க, பின்னாடி அந்தப் புஸ்தகத்தைப் புழக்கத்துல இருந்தே எடுக்க வேண்டியதாச்சு. அத்தனை பெரிய படிப்பாளிக்கே அந்தக் கதி. நீ இன்னைக்கு 'இருளில் கிடக்கும் ஜனங்கள்'னு எழுதுத. அவங்க கையிலயும் போன் இருக்கு, அதுல தமிழைச் சுவாஹிலியாக்குற வித்தையும் இருக்கு. எழுதப்பட்ட சாதியில பிறந்தவன் நீ. அந்த வலி உனக்குத் தெரியாட்டா வேற யாருக்குத் தெரியும்?

அதனால ஒண்ணு செய். தெருவுல வயசானவங்களைக் கண்டா, அவங்க வாய் திறக்கிறதுக்கு முந்தி நீ 'ஷிக்கமோ'ன்னு சொல்லு. அங்க சின்னவன்தான் மொதல்ல கும்பிடணும். அடுத்த கடிதத்தை எழுதினதும் அந்தச் சபை மூப்பர்கிட்ட வாசிச்சுக் காட்டு. அவர் மூஞ்சி சுருங்குற வரியை எல்லாம் அடிச்சிரு, மிச்சத்தை மட்டும் அனுப்பு. மிச்சம் ஒண்ணும் இல்லையா? அந்த மாசம் கடிதமே வேண்டாம், கொசுவலையைக் கட்டிட்டுப் படுத்துத் தூங்கு.