இருபத்துமூன்றாவது பார்சல்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று முதலில் சொன்னவருக்கு அமேசான் பிரைமைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஜெர்மனியில் அந்தச் சந்தா இத்தனை காலம் ஓடுவது அவருடைய வயிற்றெரிச்சலை மூலதனமாக வைத்துத்தான். 6 யூரோ டீ வடிகட்டிக்கு 4 யூரோ சுமைகூலி கொடுக்க யாருக்கு மனம் வரும்? அந்த எரிச்சலை வருடத்துக்கு ஒரே தவணையில் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும். 2007-இல் பிரைம் இங்கே வந்தபோது அந்தக் கும்பிடுக்கு 29 யூரோ. 2014-இல் சினிமாவையும் சேர்த்துக் கட்டி 49 ஆக்கினார்கள், 2017-இல் 69, 2022 செப்டம்பரில் 89.90. கடைசி உயர்வை எதிர்த்து நார்த்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்து நுகர்வோர் மையம் வழக்குப் போட்டது. ஏற்றிய விதம் செல்லாது என்று டுசெல்டோர்ஃப் நீதிமன்றம் 2025 ஜனவரியிலும், மேல்நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரிலும் சொல்லின. அதற்கும் மேலே போக வழி உண்டு என்பதால், 20 யூரோ 90 சென்ட் திரும்பி வரும் என்று நம்பி யாரும் அடுப்பில் உலை வைக்க வேண்டாம். அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், சந்தாவை வைத்துக்கொள்வதா விடுவதா என்ற கேள்வி அவரவர் வீட்டு மேசையில்தான் முடிவாக வேண்டும்.

வழக்கமாக நடக்கும் கணக்கு எளிமையானது. சந்தா இல்லாதவருக்கு 39 யூரோவுக்கு மேல் வாங்கினால் சுமைகூலி கிடையாது. அதற்குக் கீழே போனால் ஏறத்தாழ 4 யூரோ. 89.90-ஐ நாலால் வகுத்தால் இருபத்திரண்டரை. பார்சலை அரையாக வெட்ட முடியாது; ஆகவே வருடத்தின் இருபத்துமூன்றாவது சில்லறைப் பார்சல் வாசலுக்கு வரும்போது போட்ட காசு வந்துவிடுகிறது. பழைய ஆர்டர் பட்டியலைத் திறந்து எண்ணினால் நாற்பது, ஐம்பது என்று தேறும். கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள். சந்தா இன்னும் ஒரு வருடம் பிழைக்கும்.

கணக்கில் பிழை இல்லை, சாட்சியில்தான் கோளாறு. அந்த ஐம்பது பார்சல்களும் சந்தாவுக்கு மச்சான் உறவு. மச்சானைக் கூண்டில் ஏற்றினால் வேறென்ன சொல்வான்? சுமைகூலி இல்லை என்ற தைரியத்தில்தான் செவ்வாய்க்கிழமை ஒரு பேட்டரியும், புதன்கிழமை அந்தப் பேட்டரிக்கு ஒரு டப்பாவும், வெள்ளிக்கிழமை டப்பாவில் ஒட்ட ஒரு லேபிளும் தனித்தனி அட்டைப் பெட்டிகளில் வந்தன. சந்தா இல்லாவிட்டால் மூன்றும் ஒரே கூடையில் காத்திருந்து 39 யூரோவைத் தொட்டிருக்கும். அல்லது லேபிள் என்ற எண்ணமே எழாமல் போயிருக்கும். எண்ண வேண்டியது வந்த பார்சல்களை அல்ல. சந்தா இல்லாதபோதும், 4 யூரோ தண்டம் கட்டியாவது, இன்றைக்கே வேண்டும் என்று கேட்டிருக்கக்கூடிய பார்சல்களை எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் பெரும்பாலான வீடுகளில் இரண்டு கை விரல்களே மிச்சம் என்பது என் ஊகம். அன்லிமிடெட் மீல்ஸ் சாப்பிட உட்கார்ந்தவர், நாலாவது முறை ரசம் வாங்கியதைக் காட்டி, இந்த ஓட்டல் எனக்குக் கட்டுப்படியாகிறது என்று வாதாடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நாம் மட்டும் இப்படி ஏமாளிகள் என்று மனம் வருந்தத் தேவையில்லை. கொலோனில் பிறந்து, பின்னாளில், 2022-இல், ஜெர்மன் அரசுக்குப் பொருளாதார ஆலோசனை சொல்லும் குழுவில் சேர்ந்த உல்ரிகே மால்மெண்டியரும், ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் 2006-இல் அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாதச் சந்தா கட்டியவர்களுக்கு ஒருமுறை போய்வருவது 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே கூடத்தில் பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலர்தான். தான் எத்தனை முறை போவோம் என்பதில் மனிதனுக்கு அபார நம்பிக்கை. உடற்பயிற்சிக் கூடத்திலாவது போகாமல் இருந்தால் நஷ்டம் சந்தாவோடு நிற்கும். இங்கே விபரீதம் தலைகீழ்: போட்ட காசை எடுப்பதற்காக நாம் விடாமல் போகிறோம், போகும் ஒவ்வொரு முறையும் எதையாவது வாங்குகிறோம்.

வேகம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் இந்த நாட்டில் அவசரம் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். வார நாட்களில் தெருமுனையில் டிஎம், ரோஸ்மன், ஆல்டி என்று கடைகள் வரிசையாக இருக்கின்றன; பற்பசைக்காக லாரி ஓட வேண்டியதில்லை. உண்மையான அவசரம் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. அன்றைக்குக் கடைகள் மூடியிருக்கும், பார்சல்காரரும் வரமாட்டார். ஞாயிறு ஓய்வை 1919-இன் வைமார் சாசனத்தில் எழுதி, 1949-இன் அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே எடுத்துக்கொண்ட தேசம் இது. பிரைம் வேகமாக வருவது நாம் ஆபீசில் இருக்கும் நேரத்தில். அப்போது பார்சல் கீழ்வீட்டுப் பெரியவரிடம் போகும். அவர் ஏழு மணிக்கு மேல் கதவு திறக்க மாட்டார். 24 மணி நேரத்தில் நானூறு கிலோமீட்டர் கடந்து வந்த பொருள், கடைசிப் பதினெட்டுப் படிகளை ஏற இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். புத்தகம் என்றால் பேச்சே இல்லை. 2002-இன் சட்டப்படி ஜெர்மனியில் ஒரு புதுப் புத்தகம் எங்கே வாங்கினாலும் ஒரே விலை. பக்கத்துப் புத்தகக்கடையில் சாயங்காலம் சொல்லிவைத்தால், மொத்த வியாபாரியிடம் இருப்பில் உள்ள புத்தகம் பெரும்பாலும் மறுநாள் காலை மேசையில் இருக்கும். சந்தா இல்லாமல், கூடவே கடைக்காரரின் சிபாரிசு ஒன்றும் இலவசம். திருப்பி அனுப்பும் வசதியைச் சொல்பவர்களும் உண்டு. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை சட்டம் தந்தது. அதற்குப் பிரைம் உறுப்பினர் அட்டை தேவையில்லை.

அடுத்த வாதம் நம்மவர்களுடையது: தமிழ்ப் படம். இதை லேசாக ஒதுக்க முடியாது. 'சூரரைப் போற்று' 2020-இலும் 'ஜெய் பீம்' 2021-இலும் தியேட்டருக்குப் போகாமல் நேரே பிரைமில் வந்தபோது, டோர்ட்முண்டில் இருந்தவரும் திண்டுக்கல்லில் இருந்தவரும் ஒரே நாளில் பார்த்தார்கள். ஆனால் சினிமா இந்தச் சந்தாவில் கொசுறாக வந்தது என்பதை மறக்கக்கூடாது. காய்கறிக்காரர் கொசுறாகத் தரும் கறிவேப்பிலைக்கு யாரும் பில் போடுவதில்லை. இங்கே 2024 பிப்ரவரியில், இனி கறிவேப்பிலையோடு விளம்பரமும் சேர்ந்து வரும், அது வேண்டாம் என்றால் மாதம் 2.99 தனி என்றார்கள். அதற்கும் வழக்கு நடக்கிறது. நுகர்வோர் அமைப்புகளுக்கு இந்த நாட்டில் ஓய்வே கிடையாது. இந்தியாவில் அதே செயலியில் தெரியும் பல படங்கள் உரிமைச் சிக்கலால் இங்கே தெரிவதில்லை என்பதும், ஊரிலிருந்து போனில் "பார்த்தாச்சா?" என்று கேட்கும் சித்தப்பாவுக்குப் புரிவதில்லை. வருடத்தில் நாம் பார்க்கும் படங்கள் இரண்டு மூன்று மாதங்களில் அடங்கிவிடும். அதற்குப் பன்னிரண்டு மாதத் தோப்பை ஏன் குத்தகைக்கு எடுக்க வேண்டும்?

ஓர் ஆட்சேபணைக்கு மட்டும் நான் பாதி தோற்கிறேன். கணக்கெல்லாம் சரி, ஒவ்வொரு முறையும் சுமைகூலியைப் பற்றி யோசிக்காமல் இருக்கும் நிம்மதிக்குத்தான் காசு என்பார்கள். அன்யா லாம்ப்ரெக்ட், பெர்ண்ட் ஸ்கீரா இருவரும் ஜெர்மன் இணைய நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்களை ஆராய்ந்து 2006-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, அதிகம் கொடுத்துவிட்டு அதில் மகிழ்ச்சியாகவும் இருப்பது என்று பொருள்படும். மீட்டர் ஓடும் டாக்சியில் ஜன்னலுக்கு வெளியே பார்க்க முடியாதவர்களுக்கு மொத்தத் தொகை பேசிய டாக்சி ஒரு வரம். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. பஸ் தினமும் இருமுறை மட்டும் வரும் பவேரியக் கிராமத்தில் கைக்குழந்தையோடு இருப்பவரிடமும், படியிறங்க முடியாத முதியவரிடமும் நான் வாதாட வரவில்லை, அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் மியூனிக் நகரத்தின் நடுவே, மூன்று சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு மேல்மாடியில் வசிப்பவர் நிம்மதி என்றால், 89.90-க்கு எவ்வளவு நிம்மதி வந்தது என்று அவரும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணும்போது ஒன்று கண்ணில் படும். மாதச் சந்தா 8.99. பத்தால் பெருக்கினால் சரியாக 89.90. அதாவது வருடச் சந்தா என்பது பத்து மாத விலைக்குப் பன்னிரண்டு மாதம். வருடத்தில் மூன்று மாதம் பிரைம் இல்லாமல் இருக்க முடிகிறவருக்கு மாதாமாதம் கட்டுவதே லாபம். ஊருக்குப் போகும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களையும், கிறிஸ்துமஸ் செலவில் கை சுட்டுக்கொண்ட ஜனவரியையும் கழித்தாலே மூன்று. அப்படிப் பார்த்தால் வைப்பதா விடுவதா என்ற கேள்வி தாலி கட்டும் கேள்வியாக இல்லாமல் பஸ் டிக்கெட் கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது.

மாதச் சந்தாவை நிறுத்த மறந்துவிடுவோமே என்பது கடைசி ஆட்சேபணை, நியாயமானதும்கூட. அதே உடற்பயிற்சி ஆய்வில், கடைசியாகக் கூடத்துக்குப் போன நாளுக்கும் சந்தாவை நிறுத்திய நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது. விற்பவர்களுக்கும் இது தெரியும். அமெரிக்காவில் பிரைமை ரத்து செய்யும் வழிக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-இல் வழக்கில் எழுதியது. பத்து வருட முற்றுகையைப் பற்றிய கிரேக்கக் காவியத்தின் பெயர் அது. நம்மூரில் என்றால் 'மகாபாரதம்' என்று வைத்திருப்பார்கள். வழக்கு 2025-இல் 250 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஜெர்மனியில் அந்த யுத்தம் வேண்டியதில்லை. இணையச் சந்தாக்களுக்கு ரத்து பொத்தான் கட்டாயம் என்ற சட்டம் 2022 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. ஐரோப்பாவில் பிரைமை இரண்டே கிளிக்கில் நிறுத்தலாம் என்று அமேசான் ஒப்புக்கொண்டதை ஐரோப்பிய ஆணையம் அறிவித்ததும் அதே நாளில்தான். ஆகவே மறதிக்கு மருந்து, சேர்ந்த அன்றைக்கே ரத்து செய்துவிடுவது. கட்டிய மாதம் முடியும்வரை பார்சலும் வரும், படமும் ஓடும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கிளம்பும் நேரத்தைச் சொல்லும் விருந்தாளி மாதிரி, நமக்குக் கொஞ்சம் மரியாதைக் குறைவாகத் தோன்றும். குழந்தையின் பிறந்தநாள் அழைப்பிதழில் மூன்று மணி முதல் ஆறு மணி வரை என்று எழுதி அனுப்பும் நாட்டில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.