முத்து முத்தாக எழுதவைக்க ஏழு வழிகள்

எதிர் வீட்டுப் பையன் எல்.கே.ஜி.யிலேயே கர்சிவ் எழுதுகிறானாம். உங்கள் குழந்தையோ இன்னும் சுவரில் கிறுக்கிக்கொண்டிருக்கிறது. கவலை வேண்டாம். கீழே சொல்லியிருக்கும் ஏழு வழிகளையும் விடாமல் கடைப்பிடியுங்கள். ஒரே கல்வியாண்டில் பலன் தெரியும்.

1. முந்திக்கொள்ளுங்கள்

விஜயதசமியன்று தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, குழந்தையைத் தாத்தா மடியில் உட்காரவைத்து, விரலைப் பிடித்து 'அ' எழுதவைப்பது வழக்கம். அதோடு விட்டுவிடுவது அந்தக் காலத்து அசட்டை. மறுநாளே நாலு கோடு நோட்டு வாங்குங்கள். பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதுக் குழந்தையை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் பாதிகூடத் தெரியாது. மீதி இன்னும் குருத்தெலும்புதான். அதெல்லாம் டாக்டர்கள் பாடு. உங்களுக்கு வேண்டியது தினம் இரண்டு பக்கம்.

2. கைக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்

சப்பாத்தி மாவைக் கிள்ளி உருட்டுவது, பட்டாணி உரிப்பது, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வது, கோலப்பொடியை விரலிடுக்கில் வழியவிட்டுப் பார்ப்பது: பென்சில் பிடிக்கும் விரல்களுக்குப் பலம் வருவது இவற்றில்தான். ஆகவே அனுமதிக்காதீர்கள், வீடு குப்பையாகும். சோற்றை நீங்களே ஊட்டுங்கள். குழந்தையின் கையில் செல்போன் இருக்கட்டும்.

3. துண்டுப் பென்சிலை ஒழியுங்கள்

சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சிலும் உடைந்த கிரேயானும் ஆபத்தானவை. முழுக் கையையும் வைத்து இறுக்கிப் பிடிக்க அவற்றில் இடம் கிடையாது. குழந்தை வேறு வழியில்லாமல் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் சரியாகப் பிடித்துத் தொலைக்கும். தலையில் பொம்மை ஆடும் நீளப் பென்சிலே வாங்குங்கள்.

4. கஷ்டமானதில் தொடங்குங்கள்

'ட' எழுத நிமிர்ந்த கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று போதும். இன்னொரு கோடு போட்டால் 'ப'. ஒரு வளைவு சேர்ந்தால் 'ம'. இந்த மூன்றையும் ஒரு புள்ளியையும் சொல்லிக்கொடுத்தால் படம், பட்டம், மடம் என்று குழந்தை எடுத்த எடுப்பிலேயே சொல் எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. 247 எழுத்தும் வரிசைப்படி, 'அ'விலிருந்துதான் வரவேண்டும். ஒரு முக்கோணத்தைப் பார்த்து வரையவே குழந்தைக்கு ஏறக்குறைய ஐந்து வயதாகும் என்பார்கள். மூன்று வயதில் 'இ' எழுதினால்தானே உங்களுக்குப் பெருமை?

5. ரப்பரைக் கீழே வைக்காதீர்கள்

இரவு எட்டு மணி. ஹோம்வொர்க், 'இ' பத்து வரி. முதல் 'இ' கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. அழியுங்கள். அடுத்ததற்கு வயிறு பெருத்துப் பக்கத்து 'இ'யை இடிக்கிறது. அழியுங்கள். மூன்றாவது தடவை நன்றாகத்தான் வரும். ஆனால் அழித்து அழித்துத் தாள் கறுத்து நைந்து, அந்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்கும். ஓட்டைக்கும் சேர்த்துத் திட்டுங்கள். பயத்தில் குழந்தை அழுத்தி எழுத, பென்சில் முனை ஒடியும். பக்கத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். சிலேட்டு இதற்கு உதவாது. எச்சில் தொட்டு ஒரு தேய் தேய்த்தால் தப்பு போன இடமே தெரியாது. குழந்தை அழுதுகொண்டே தூங்கிய பிறகு மீதி வரிகளை நீங்களே இடது கையால் எழுதி முடித்துவிடுங்கள். மிஸ் ஸ்டார் போடுவார்.

6. பீச்சாங்கையை அனுமதிக்காதீர்கள்

இடது கையால் எழுதும் உரிமை உங்களுக்கு மட்டும்தான். குழந்தை அந்தக் கையில் பென்சிலை எடுத்தால் பிடுங்கி வலது கையில் திணியுங்கள். எந்தக் கை என்பதை மூளை தீர்மானிக்கிறதாம். பாட்டியைக் கேட்காமல் மூளை எப்படித் தீர்மானிக்கலாம்? ஆங்கிலச் சின்ன 'பி'யை 'டி'யாகத் திருப்பிப் போட்டால் அன்றிரவே செல்போனில் வியாதியின் பெயரைத் தேடுங்கள். ஆறேழு வயதுவரை அது சகஜம் என்று சொல்லும் டீச்சரை நம்பாதீர்கள்.

7. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காதீர்கள்

ஒரு நாள் குழந்தை நாலு கிறுக்கல் போட்டுவிட்டு, "இது அம்மா, இது பஸ், அம்மா பஸ்ல ஆபீஸ் போறா" என்று விரல் வைத்துப் படித்துக் காட்டும். கோட்டுக்குள் ஒரு சேதியை வைக்கலாம் என்று அதற்குப் புரிந்துவிட்டது. எழுத்துக்கு அஸ்திவாரமே அதுதான். கண்டுகொள்ளாதீர்கள். "என்னடி இது, கோழி கிளறின மாதிரி?" என்று கேளுங்கள். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை வைத்த 'லை'யை எழுதிக் காட்டி, "பார், யானை!" என்று தாத்தா சிரிக்கவைத்தால் அவரையும் கண்டியுங்கள். எழுதும்போது சிரிப்பு எதற்கு?

இவ்வளவும் செய்தால் இரண்டாம் வகுப்புக்குள் நோட்டு முத்து முத்தாக இருக்கும். நோட்டைக் கண்டதும் குழந்தைக்கு வயிறு வலிக்கும். 'என் வீடு' பற்றிச் சொந்தமாக ஐந்து வரி எழுதச் சொன்னால், மிஸ் போர்டில் எழுதிப்போடும்வரை காத்திருக்கும். கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று வேடிக்கையாகச் சொல்வார்களே, அதை நிஜமாக்கிக் காட்டிய பெருமை உங்களைச் சேரும்.

இதற்கெல்லாம் மனசு வராதவர்கள் மாவையும் மணலையும் துண்டுப் பென்சிலையும் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். சின்னக் குழந்தைக்கு ஒரு நாளில் பத்து நிமிஷ எழுத்து தாராளம். ரப்பரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், குழந்தை என்ன சொல்ல வந்தது என்று ஒருமுறை கேளுங்கள். எதிர் வீட்டுப் பையனை அவன் அம்மா பார்த்துக்கொள்வாள்.