99 மெகாஹெர்ட்ஸ்

திருத்தணி ம.பொ.சி. சாலையில் எங்கள் முதலாளி நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தது ஒரே ஒரு 486. அதன் நெற்றியில் இரண்டு இலக்கச் சின்னத் திரை ஒன்று சிவப்பாக எரியும். டர்போ பொத்தானை அழுத்தினால் 66, விட்டால் 33. ஒருநாள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து ரிப்பேருக்கு வந்த பையன் பெட்டியைத் திறந்தபோதுதான் ரகசியம் வெளிப்பட்டது. அந்தத் திரை எதையும் அளப்பதே இல்லையாம். அதன் முதுகில் இருக்கும் ஜம்பர்களை மாற்றிச் செருகினால் எந்த எண் வேண்டுமோ அந்த எண் எரியும். முதலாளி சற்று யோசித்தார். "அப்படின்னா 99 வெச்சிடு தம்பி" என்றார்.

அன்றிலிருந்து திருத்தணியிலேயே வேகமான கம்ப்யூட்டர் எங்களுடையதுதான். பக்கத்துத் தெரு சென்டரில் 66 என்றுதான் எரிந்தது. ஜனங்கள் கண்ணால் பார்த்ததை நம்பினார்கள்.

டர்போ பொத்தானின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். பெயரைக் கேட்டால் வேகம் கூட்டுவதுபோல் தோன்றும். உண்மையில் வேகத்தைக் குறைக்கத்தான் அதை வைத்தார்கள். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தைக் கணக்கில் வைத்து எழுதிய விளையாட்டுகளைப் புது இயந்திரத்தில் போட்டால், நாம் விரலை எடுப்பதற்குள் ஆள் செத்துப் போவான். அதற்காகவே ஒரு பிரேக். 'மெதுவாக்கும் பொத்தான்' என்று எழுதினால் யார் வாங்குவார்கள்? டர்போ என்று எழுதிவிட்டார்கள்.

சென்டரில் சோறு போட்டது டேட்டா என்ட்ரி அல்ல, ஜாதகம். முருகன் மலைக்கு வருகிற கூட்டம் இறங்கும் வழியில் கம்ப்யூட்டர் ஜாதகம் எடுத்துக்கொண்டு போகும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்திக்கொண்டு தாளைத் தள்ளும். அந்தச் சத்தம் கேட்டால்தான் 'கம்ப்யூட்டரே கணிக்கிறது' என்று திருப்தி. ரிப்பன் மங்கினால் மெய்யெழுத்தின் புள்ளிகள் முதலில் காணாமல் போகும். செவ்வாய் 'செவவாய' ஆகிவிடும். தோஷமும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும் என்று முதலாளி சமாதானம் சொல்வார்.

1960-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும் எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், நகரி, புத்தூர்க்காரர்கள். அவர்களில் சிலர் பொன்பாடியைத் தாண்டியதும் வரும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டையிலிருந்து வருவார்கள். அந்த ஸ்டேஷன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 28 எழுத்து. டாஸில் ஒரு கோப்புக்குப் பெயர் வைக்க அனுமதி 8 எழுத்து. ஆகவே ஊர் பெயரால் அவர்களைத் தேடவே முடியாது. அத்தனை பேரையும் 'பேட்டா' என்று தொடங்கி எண் போட்டு அடைத்தோம்.

அந்தப் பெட்டிக்கு நாங்கள் காட்டிய மரியாதையைச் சொல்ல வேண்டும். வாங்கி வந்தபோது சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் வரை மின்சார ரயில், அங்கே மாறித் திருப்பதி பாசஞ்சர். 14 அங்குல மானிட்டர் வழி முழுக்க என் மடியில். செருப்பை வாசலில் விட்டுத்தான் சென்டருக்குள் போக வேண்டும். ராத்திரி ஆனால் மானிட்டருக்குத் தைத்த உறை, சிபியுவுக்குத் தனி உறை, கீபோர்டுக்குத் தனி உறை. ஆயுத பூஜைக்குப் பட்டையாய்ச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்போம். ஃபிளாப்பி வாயில் ஒருமுறை விபூதி போய்விட்டது. முருகன் பிரசாதம் என்பதால் யாரும் திட்டவில்லை.

இத்தனைக்கும் அது அசெம்பிள்டு. பிராண்டட் வாங்க வசதியில்லாதவர்களின் இயந்திரம். அதை மறைக்க முன்பக்கம் ஸ்டிக்கர்கள். உள்ளே எந்த சிப் இருந்தாலும் வெளியே 'இன்டெல்' ஸ்டிக்கர். ரிச்சி தெருவில் ஸ்டிக்கர் தனியாகக் கிடைத்தது.

1999 டிசம்பர் 31 ராத்திரி மலையில் திருப்படித் திருவிழா. 365 படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுவார்கள். புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைமார் வாசலில் போய் நிற்கும் ஜனம் முருகன் வாசலில் நிற்கட்டும் என்று 1917-இல் வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம். ஊரே படியில் இருக்க, முதலாளி மட்டும் கடையில் 486-க்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். 2000 பிறந்தால் கம்ப்யூட்டர் குழம்பும் என்ற ஒய்டுகே பயம். விடிந்து பார்த்தால் தேதி 1980 ஜனவரி 4. பழைய பயாஸ் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் கூட்டியதால் 99-க்கு அடுத்து 00 ஆனது. டாஸுக்கு 1980-க்கு முன்னால் காலமே கிடையாது. அன்று காலை முதல் கிராக்கி, கல்யாணம் எப்போது ஆகும் என்று கேட்டு வந்த 22 வயதுப் பையன். தேதியைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கு இரண்டு வயதுக்கான நடப்பு பலன் வந்தது: பாலாரிஷ்டம் விலகும்.

இப்போது என் அக்கா மகன். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை, பாதி நாள் திருத்தணி வீட்டிலிருந்தே. மாடி அறையில் 486 காலத்துப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறான். வெளியே பழசு, உள்ளே ரைசன் பிராசசர். "இதுக்குப் பேரு ஸ்லீப்பர் பில்டு, மாமா. பார்த்தா தூங்குற மாதிரி இருக்கணும், போட்டா பறக்கணும்" என்றான். நாங்கள் செய்ததைத் தலைகீழாகச் செய்கிறான். எங்களைவிட அதிகச் செலவில்.

வேலை ஒன்றும் லேசு இல்லை. பழைய ஏடி பெட்டியின் பின்பக்கத்தில் கீபோர்டுக்கு ஒரே ஒரு வட்டத் துளை. 1995-இல் ஏடிஎக்ஸ் போர்டு வந்த பிறகு எல்லா வாயும் ஒரே இடத்தில் கூடிவிட்டன. அதற்குத் தகரத்தை வெட்ட வேண்டும். விசைத்தறிக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறையில் போய் வெட்டிக்கொண்டு வருகிறான். பட்டறைக்காரர் எதற்கு என்று கேட்பதை நிறுத்திவிட்டார். இன்னொரு ஆபத்து, பழைய பெட்டியில் 230 வோல்ட் மின்சாரம் நேராக முன்பக்க சுவிட்சுக்கே வரும். தெரியாமல் அந்தக் கம்பிகளைப் புது போர்டில் சொருகினால் தீபாராதனைதான். பிறகு வெப்பம். 486-க்குப் பவர் சப்ளையில் ஒரு மின்விசிறி போதும். இன்றைய கிராஃபிக்ஸ் கார்டு தனியாகவே சில நூறு வாட் குடிக்கும். ஆகவே அடியில் துளை போட்டு, வெளியே தெரியாமல் மூன்று மின்விசிறி.

உண்மையான பழைய போர்டையும் விடுவதில்லை. 386 போர்டுகளில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி ஒழுகிச் செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்திருக்கும். வினிகர் போட்டுத் துடைத்து, அறுந்த தடத்துக்கு முடி மாதிரிக் கம்பி வைத்துப் பற்றவைக்கிறான். பார்ப்பதற்கே பொறுமை வேண்டும். 1980-களில் அரசின் கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போன பிபிசி மைக்ரோ, மொஹாலியில் அதையே உரிமம் வாங்கிச் செய்த யூனிகார்ன், இவற்றில் ஒன்று கிடைத்தால் ஜென்மம் சாபல்யம் என்கிறான். 32 கேபி நினைவகம். அவன் வாட்சப்பில் அனுப்பும் குட்மார்னிங் படம் அதற்குள் நுழையாது.

மஞ்சள்தான் பெரிய விவகாரம். அந்தக் கால பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் கலந்தார்கள். வெயில் படப்பட மஞ்சள் பூத்தது. அழகு நிலையங்களுக்கு விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைப் பூசி, பாலிதீன் சுற்றி, மொட்டைமாடியில் வைத்தால் வெளுக்கும். திருத்தணி வெயிலுக்கு அதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "வடாமா தம்பி?" என்று கேட்டார்.

கடைசியில் கம்பெனிகளுக்கும் மூக்கு வேர்த்தது. தைவானின் சில்வர்ஸ்டோன் 2023 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினக் கிண்டலாக, எண்பதுகளின் பாணியில் ஒரு பெட்டிப் படத்தை வெளியிட்டது. சிரிப்பார்கள் என்று பார்த்தால், எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பிறகு நிஜமாகவே செய்துவிட்டார்கள். அடுத்த மாடலில் டர்போ பொத்தானும் உண்டு. அழுத்தினால் மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றும். எங்கள் 99-ஐவிட இது யோக்கியம். காற்றாவது வருகிறது.

கீபோர்டுக்கு அவன் எங்கேயும் தேடவில்லை. டிவிஎஸ் கோல்டு. ரயில் முன்பதிவு கவுன்டரிலும் வங்கியிலும் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்த அதே சாமான். எங்களுக்கு அது தலைவலி. சத்தமில்லாத கீபோர்டுக்கு மாறியதை முன்னேற்றம் என்று கொண்டாடினோம். இவன் "செர்ரி ப்ளூ சுவிட்ச், மாமா" என்று ஒவ்வொரு விசையாகத் தட்டிக் காட்டுகிறான், வீணை ஸ்ருதி பார்ப்பதுபோல.

இதில் உண்மையாக முன்னுக்கு வந்தவர் பைபாஸ் பக்கத்துக் காயலான் கடைக்காரர். சென்டரை மூடியபோது எங்கள் 486-ஐ அவர் எடைக்குத்தான் எடுத்தார். மானிட்டருக்குக் காசே கிடையாது, கொண்டுபோவதே உதவி என்றார். இப்போது பழைய கேபினட் எதையும் சுத்தியலால் தொடுவதில்லை. அக்கா மகன் போன் செய்தால், "மஞ்சள் விழுந்ததா, விழாததா? டர்போ இருக்கிறதுக்குத் தனி ரேட்" என்கிறார். போன மாதம் ஒரு பழைய டேபிள் ஃபேனைப் போட நானும் போனேன். கிலோ கணக்கில்தான் காசு கொடுத்தார். நோட்டை எண்ணிப் பையில் வைத்து நிமிர்வதற்குள், ஃபேன் தராசிலிருந்து இறங்கி, துடைத்த முகத்தோடு கடையின் முன்வரிசைக்கு வந்துவிட்டிருந்தது.