சவரோத்தரவியல்: மழித்த கன்னத்துக்கு ஆவன குறித்த ஓர் ஆய்வு

1. பாயிரம்

ஆடவர் முகத்தில் கத்தி ஓய்ந்த நொடிக்கும் சட்டையின் மேற்பொத்தான் பூட்டப்படும் நொடிக்கும் இடைப்பட்ட சிறுபொழுதில் கன்னத்தின்மீது நிகழும் செயல்கள் அனைத்தையும் ஆராயும் துறை சவரோத்தரவியல் எனப்படும். மழித்தல் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் 280ஆம் குறள் மழித்தலையும் நீட்டலையும் ஒருங்கே எடுத்துப் பேசுகிறது. ஆயினும் பரிமேலழகர் அங்கே குறிக்கப்பட்டது தலைமயிரே எனக் கொண்டமையாலும், மழித்தபின் எதைத் தடவுவது என்னும் வினாவை மூலமும் உரையும் ஒருசேரத் தவிர்த்தமையாலும், தாடையும் கன்னமும் இன்றளவும் உரையாசிரியர் கைபடாத நிலமாகவே கிடக்கின்றன. அந்நிலத்தை அளந்து எல்லைக்கல் நடுவதே இவ்வாய்வின் நோக்கமாகும்.

முடிதிருத்துநரே சவரம் செய்துவந்த காலத்தில் கத்தியும் படிகாரக்கல்லும் ஒரே கையில் இருந்தமையால் இத்துறைக்குத் தேவை எழவில்லை. கிங் கேம்ப் ஜில்லெட் என்னும் அமெரிக்கர் 1904இல் காப்புரிமை பெற்ற சவரக்கருவி, அதற்கு முந்தைய ஆண்டில் 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே விலைபோன எளிய நிலையிலிருந்து வளர்ந்து, சவரத்தை வீட்டுக் கண்ணாடியின் முன் கொண்டுவந்து சேர்த்தபோது, கத்தி வீட்டுக்கு வந்ததேயன்றி அதற்குரிய அறிவு உடன் வரவில்லை. அன்று முதல் ஒவ்வொருவரும் தத்தம் கன்னத்துக்குத் தாமே வைத்தியர் ஆயினர்.

2. கன்னத்தின் இலக்கணம்

தோலின் மேற்புறத்தில் இறந்த உயிரணுக்களாலான மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. இதனை அறிவியலார் செங்கற்சுவருக்கு ஒப்பிட்டு, உயிரணுக்களைச் செங்கல் எனவும் அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருள்களைச் சாந்து எனவும் விளக்குவர். பிளேடு மயிரை மட்டும் அரிந்துவிட்டு நல்லபிள்ளையாய் விலகுவதில்லை. போகிற போக்கில் இவ்வடுக்கின் மேற்பகுதியையும் சுரண்டிச் செல்கிறது. இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடைய தோலின்மீது காரத்தன்மை உடைய சோப்பு நுரை முன்னரே படிந்து சாந்தை இளக்கியிருப்பதால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும் வேகம் கூடுகிறது. இதுவே தோல்வழி நீரிழப்பு ஆகும். சவரத்துக்குப்பின் முகம் இழுத்துப் பிடிப்பதுபோல் தோன்றுவதும், அரைமணி நேரத்தில் மோவாய் வெளுத்து உரிவதும் இதன் மெய்ப்பாடுகள்.

இதற்கு மருந்தாகும் இயற்கைப் பொருள்கள் மூவகைப்படும். நீரைத் தன்பால் இழுத்து வைப்பவை ஈர்ப்பன. தேனும், 1779இல் ஷீலே என்னும் வேதியியலார் கண்டறிந்த கிளிசரினும் இதன்பாற்படும். நீர் வெளியேறாவண்ணம் மேலே படலமிடுபவை அடைப்பன, தேன்மெழுகு இவ்வகையது. சிதைந்த சாந்தின் இடைவெளிகளில் இறங்கித் தோலை மென்மையாக்குபவை நெகிழ்ப்பன. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இவ்வகையைச் சாரும், சற்றே அடைப்பனவும் ஆகும். எண்ணெய் தன்னளவில் ஈரம் தருவதன்று, இருக்கும் ஈரத்தைக் காப்பது மட்டுமே என்பது இங்கு மறக்கலாகாத விதியாகும். ஆகவே உலர்ந்த முகத்தில் எண்ணெய் பூசுவோர் பாதிப் பயனே பெறுவர்.

3. கொள்கையர் மூவர்

தமிழ்நாட்டுக் குளியலறைகளில் மூன்று பள்ளிகள் நிலவுகின்றன. முதலாமவர் எரிவுக் கொள்கையர். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்பது இவர்தம் மூலச்சூத்திரம். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரீனா என்பவர் 1709இல் தொடங்கிய நறுமணநீர் மரபின் வழித்தோன்றல்களான ஆல்கஹால் திரவங்களை உள்ளங்கையில் ஊற்றி, இரு கன்னத்திலும் அறைந்து, பற்களைக் கடித்துக் காற்றை உள்ளிழுப்பது இவர்தம் சடங்கு. உண்மையில் நடப்பது வேறு. ஏறத்தாழ 42 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை அறிவிக்கவேண்டிய நரம்பு ஏற்பி, ஆல்கஹால் பட்டவுடன் 34 பாகை அளவிலேயே அலறத் தொடங்குவதால், உடலின் சொந்தச் சூடே நெருப்பாக உணரப்படுகிறது. அங்கே தீ ஏதும் இல்லை. எஞ்சியிருந்த ஈரம்தான் ஆல்கஹாலுடன் சேர்ந்து பறந்துபோகிறது.

இரண்டாமவர் குளிர்வுக் கொள்கையர். புதினாவிலுள்ள மென்தால், குளிரை அறிவிக்கும் ஏற்பியைத் தூண்டுவதால், வெப்பநிலை இம்மியும் குறையாமலே முகம் கொடைக்கானல் சென்றுவரும். சந்தனமும் இவர்க்கு உரியதே. பழனியிலும் சமயபுரத்திலும் முடியிறக்கிய தலையில் குழந்தையின் அழுகை ஓயுமுன் அப்பப்படும் சந்தனக்குழம்பு, சவரோத்தரவியலின் மிகப்பெரிய பொதுமக்கள் நிகழ்வு எனத் தகும். எனினும் அக்குளிர்ச்சி குழம்பிலுள்ள நீர் ஆவியாவதால் பெரிதும் விளைவது. காய்ந்தபின் எஞ்சுவது மணமும் பொடியுமே.

மூன்றாமவர் எண்ணெய்க் கொள்கையர். இவர் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயில் கையில் மீந்ததை முகத்தில் துடைத்துக்கொள்பவர். தம்மை ஒரு பள்ளியினர் என்றே அறியாதவர். 24 பாகைக்குக் கீழே உறையும் அவ்வெண்ணெய் மார்கழிக் காலையில் புட்டிக்குள் வெள்ளையாய் இறுகிக் கிடக்கும்போது, அதைச் சாளரத்து வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் பொறுமை இவர்க்கே வாய்த்தது. எரிவதும் இல்லை, குளிர்வதும் இல்லை. பூசியபின் ஒன்றுமே நிகழாததால் இவருக்கு மாணாக்கரும் சேர்வதில்லை. ஆனால் லாரிக் அமிலத்தைப் பெரும்பங்காகக் கொண்ட அவ்வெண்ணெய்தான் சத்தமின்றிச் சாந்து பூசுகிறது. முதலிரு பள்ளியினரும் நரம்பை நம்பினர். மூன்றாமவரோ எதையும் நம்பாமல் பயன் பெற்றார் என்க.

4. தடையும் விடையும்

படிகாரம் தொன்றுதொட்டு வழங்குவதன்றோ எனின், ஆம். ஈரக்கல்லைத் தாடையில் ஓட்டியதும் குருதி நிற்பதும், கை தவறி உதட்டில் பட்டால் வாயெல்லாம் துவர்ப்பதும், பொட்டாசியம் அலுமினியம் சல்பேட் என்னும் அவ்வுப்பு புரதங்களை இறுகச்செய்வதால் நிகழ்வனவே. இறுக்குவது நெகிழ்ப்பதன்று, ஆகவே அது வெட்டுக்கு மருந்து, வறட்சிக்கு அன்று.

எலுமிச்சை இயற்கைப் பொருளன்றோ எனின், ஆம். கொதிநீரும் இயற்கைப் பொருளே. மிகுந்த அமிலமுள்ள அச்சாறு சுரண்டப்பட்ட தோலில் பட்டபின் வெயிலில் சென்றால் கருந்திட்டும் கொப்புளமும் தோன்றக்கூடும்.

சோற்றுக்கற்றாழை எவ்வாறு எனின், மடலை அறுத்தவுடன் முகத்தில் தேய்ப்பது தவறு. தோலையொட்டி வடியும் மஞ்சள் நிறப் பால் அரிப்பைத் தருவது. வற்றக் காய்ச்சினால் கரியபோளம் என்னும் மருந்துச்சரக்காவதும் அதே பால்தான். வெட்டுவாய் கீழாக இருக்க மடலை ஒரு டம்ளரில் நிறுத்தி, மஞ்சள் முழுதும் வடிந்தபின் தோல் சீவி, உள்ளிருக்கும் சோற்றைப் பலமுறை நீரில் அலசிய பின்னரே பயன்கொள்ள வேண்டும். பெரும்பகுதி நீரேயாதலால் அது எண்ணெயின் கடமையை முழுதும் செய்யாது. எண்ணெய்க்கு முன் இடத்தக்கது.

எண்ணெய் பூசினால் முகம் வழியாதோ எனின், வழிவது அளவின் குற்றம். இரு துளிக்கு மேற்பட்டது முகத்துக்கு அன்று, தலையணை உறைக்கே போய்ச் சேரும்.

5. துணிபும் புறனடையும்

சவரம் முடிந்ததும் தண்ணீரில் முகம் கழுவி, துண்டால் தேய்க்காது ஒற்றியெடுத்து, ஈரம் புலராத நிலையிலேயே கற்றாழைச் சோற்றை மெல்லத் தடவி, அதன்மேல் இரு துளி எண்ணெயை உள்ளங்கையில் பரப்பி அழுத்துவதே விதி. பரு வரும் இயல்பினர்க்குத் தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கக்கூடுமாதலால் அவர் கற்றாழையோடு நிற்க. புதிய பொருள் எதையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் இட்டு ஒருநாள் பார்த்தபின் முகத்துக்குக் கொண்டுசெல்க. இவையெல்லாம் முறைப்படி செய்தும் எரிச்சல் தீராதவர், எண்ணெயைக் குறைகூறுமுன் பிளேடை மாற்றுக. மழுங்கிய பிளேடுக்கு மாற்றாகும் மூலிகை எந்நாட்டிலும் விளைவதில்லை.