கையெழுத்துக் கேட்டு வந்த பேரன்

வா மகன், குந்து. மூத்தப்பாட கையெழுத்து வேணுமாமே? காதிக் கோட்ட ஒரேயடியா ஒழிக்கணும் எண்டு மகஜராம். கொழும்பில படிச்ச புள்ள, எழுத்து முத்து முத்தா இரிக்கி.

நீ செல்றதும் சரிதான். காதிக் கோட்டு நடக்கிற நம்மட முஸ்லிம் கலியாணச் சட்டம் 1951ல வந்தது. அப்பதான் எனக்குப் பால்பல்லு விழுந்திச்சி. இப்ப ரெண்டாந்தரமும் விழுந்திட்டு, சட்டம் ஆடாம அசையாம இரிக்கி. காதி ஆம்புளையாத்தான் இரிக்கணும். 12 வயசு நிரம்பாத புள்ளைக்கும் காதி தலையாட்டினா நிக்காஹ். பதிவில மாப்புளை கையெழுத்து வெப்பார், பொண்ணுக்குப் பதிலா அவள்ட பொறுப்பாளி வலிகாரர் வெப்பார், பொண்ணு வெக்கத் தேவல்ல. மாடு விக்கக்குள்ளயும் மாட்டுட்டக் கையெழுத்து வாங்கிறல்லதானே எண்டு நானும் பேசாம இரிந்தவன்தான்.

ஒண்டு கேக்கன். ஒழிச்சிட்டு எங்க போற? மாவட்டக் கோட்டுக்கா? நம்மட மேல்வட்டைக் காணி வழக்குப் போட்டது உன்ட வாப்பாட சுன்னத்துக் கலியாணத்துக்கு முந்தி. இப்ப உனக்கே மீச நரைக்கப் போகுது, வழக்குக்கு இன்னும் தவணைதான். காதிட்ட அப்புக்காத்து பேசேலா, சட்டமே விடாது. காசு மிச்சம். பேசத் தெரியாத பொம்புளைக்கு ஞாயமும் மிச்சம்தான், அது வேற கத.

சட்டத்தத் திருத்துவம் எண்டு 2009ல மர்சூப் நீதியரசர்ட குழு குந்தினது, 2018லதான் அறிக்கை குடுத்தது. பதினெட்டுப் போகம் மகன்! அதுக்குள்ள நான் விதைச்சி, வெட்டி, சூடடிச்சி, திண்டும் முடிச்சிட்டன். அவங்க ரெண்டு பங்காப் பிரிஞ்சி எழும்பி வந்தாங்க.

2021ல மந்திரிசபை காதிக் கோட்ட ஒழிப்பம் எண்டிச்சி. நீ கைதட்டினாய். அந்த வருசமே 'ஒரே நாடு ஒரே சட்டம்' எண்டு செயலணி போட்டு, தலைக்கு ஆர வெச்சாங்க? நம்மள ஏசித் திரிஞ்ச ஞானசார தேரர! நீ கொளுத்தின விளக்கில ஆரு பந்தம் பத்த வெக்கிறான் எண்டும் கொஞ்சம் பாத்துக்க.

சரி, கண்ணாடிய எடு. ஆராரு கையெழுத்து வெச்சிரிக்காங்க? லோயர்... புரொபசர்... ரிட்டயர்ட் டீஓ... எல்லாம் மீசக்காரனுகள். உன்ட மாமிட கையெழுத்து எங்க? தாபரிப்புக் காசுக்கு மாசா மாசம் காதிட வாசல்ல காத்துக் கிடந்தவள் அவள்தானே? கேக்கல்லயா? அவளுக்கும் சேத்துத்தான் நீ வெச்சிரிக்கியா?

அப்ப நீயும் வலிகாரர்தான்.

பேனைய இங்க வெச்சிட்டுப் போ. மாமி பின்னேரம் வருவாள்.