பங்காளி வீட்டுத் தேநீர்

மழை ஓய்ந்து ஒரு மாதம் போனால், எங்கள் எதிர்க் காலிமனை முழுக்கப் பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அது பூத்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு என் முதல் தும்மல். தெருவில் யாரும் அலாரம் வைப்பதில்லை. கோயம்புத்தூரில் காற்று நன்றாக இருக்கும் என்றுதான் இந்த வீட்டைப் பிடித்தேன். காற்று நல்லதுதான், அதோடு கூட வருகிற மகரந்தம்தான் சரியில்லை.

1819-ல் ஜான் பாஸ்டாக் என்ற லண்டன் மருத்துவர் தனக்கிருந்த இந்தக் கோளாறைப் பற்றி எழுதினார். பிறகு ஒன்பது வருடம் தேடியும் தன்னைப்போல 28 பேரைத்தான் கண்டுபிடித்தாராம். எங்கள் பேக்கரி பெஞ்சில் ஒரு காலை உட்கார்ந்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

இங்கே ஒருவன் தும்மினால் நாலு பேர் வைத்தியம் சொல்வார்கள். நாலும் டம்ளரில்தான் வரும். "சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் குடி கண்ணு" என்றார் பெரியம்மா. மாடிவீட்டு அக்கா துளசி டீ கொடுத்தனுப்பினார். "கிரீன் டீ குடிங்க, தும்மலே வராதுங்க" என்றார் நடைப்பயிற்சி நண்பர், இரண்டு தும்மலுக்கு நடுவே. எல்லாவற்றையும் குடித்தேன். மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை. ராத்திரி எழுந்து போவதுதான் கூடியது.

கடைசியாக மகள் கெமோமில் டீ வரவழைத்தாள். "சுத்தமான பூப்பா!" குடித்தேன். தொண்டை அரித்தது, தும்மல் இரட்டிப்பானது.

டாக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். கெமோமிலும் பார்த்தீனியமும் ஒரே சூரியகாந்திக் குடும்பமாம்; ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாமாம். வாசலில் வம்புக்கு நிற்பவனின் பங்காளியைக் கூப்பிட்டு, நடுக்கூடத்தில் உட்காரவைத்து உபசரித்திருக்கிறேன்!

"மகரந்தத்தை எதிரின்னு நினைச்சு உடம்பு ஹிஸ்டமினை அவிழ்த்துவிடுது. அதைத் தடுக்க மாத்திரை இருக்கு. டீ குடிச்சா, ஆவியில சளி இளகிக் கொஞ்ச நேரம் மூச்சு விடலாம், அவ்வளவுதான்" என்றார்.

கொஞ்ச நேரம் போதுமே! நேராக பேக்கரிக்குப் போய் இஞ்சி டீ வாங்கி, டம்ளருக்குள் மூக்கை விட்டேன். ஒரு வாரமாக அடைத்திருந்த கதவு திறந்தது. ஆனந்தமாக ஒரு மூச்சை ஆழ இழுத்தேன்.

திறந்த கதவு வழியாக முதலில் உள்ளே வந்தது எதிர்மனைக்காரன்தான்.

அச்!